நீக்கும் முன் மோகனூர் போய்வரவும்

கெர்னல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான், ஆனால் உள்ளே ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. பழைய நிரலைத் துப்புரவு செய்துகொண்டு வரும்போது நாற்பது வரிகள் அகப்பட்டதாம். எதற்கு இருக்கின்றன என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். மேலே ஒரே ஒரு குறிப்பு: ‘நீக்கும் முன் மோகனூர் போய்வரவும்.’ பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து. “இது ஏதாவது வேண்டுதலா சார்?” என்று கேட்டிருந்தார்.

வேண்டுதல் இல்லை, தம்பி. வேலை விஷயம்தான். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அந்தக் குறிப்பு சொல்வதை நானே ஒருமுறை செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். போன வாரம் போய்வந்துவிட்டேன். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் முழிக்க வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. நாம் செய்து விற்பது கட்டுப்பாட்டுப் பெட்டிகள். சேலத்தில் செய்து, சுற்றுவட்டாரத்தில் தறிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் கோழிப்பண்ணைக்கும் கொடுக்கிறோம். பெட்டிக்குள் வேலையைச் சொல்லும் நிரல் ஒன்று ஓடும். அந்த நிரலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று கேட்டதைச் செய்து கொடுப்பது கெர்னல். அதைப் பராமரிப்பது நம் பிரிவு.

அந்தக் காலத்துக் கெர்னலில் ஒரு பழைய வாசல் இருந்தது. எந்த நிரலும் யாரையும் கேட்காமல் அதன் வழியாக நேரே உள்ளே போய் மோட்டாரைத் தொடலாம். பெட்டிகள் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் கோத்த பிறகு அது திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு ஆகிவிட்டது. மூடியே ஆகவேண்டும். ஆனால் களத்தில் ஓடும் நிரல்களில் பாதி, எழுதியவர் யாரென்றே தெரியாதவை. மூல நிரல் கிடையாது, மாற்றி எழுத முடியாது. அந்த நிரல்களுக்குத் தெரியாமலே வாசலை மூட வேண்டும். பழைய வாசலில் தட்டினால் புதிய வழியில் வேலை நடந்து, நிரலுக்குப் பழைய பதிலே கிடைக்க வேண்டும்.

நான் அதைச் செய்தேன், நன்றாகவும் செய்தேன். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

நடைமுறையையும் ஒழுங்காகப் பின்பற்றினோம். மூடுவதற்கு முன் இரண்டு வருடம் எச்சரிக்கை கொடுத்தோம். யாராவது பழைய வாசலைப் பயன்படுத்தினால் பெட்டியின் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்: பழைய வாசல் பயன்பாட்டில் உள்ளது, அடுத்த பதிப்பில் நீக்கப்படும். அதுபோக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போன் போட்டுக் கேட்டோம். எல்லா முதலாளிகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க பாத்துச் செய்யுங்க.”

நான் சேலத்துக்காரன். இந்தப் பேச்சிலேயே வளர்ந்தவன். ‘நீங்க பாத்துச் செய்யுங்க’ என்றால் ‘நீ சொல்வது எனக்குப் புரியவில்லை, கெட்டுப்போனால் உன்னைத்தான் கேட்பேன்’ என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவன்கூட அதைச் சரியாகப் புரிந்துகொள்வான். ஆனாலும் படிவத்தில் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொண்டேன். எனக்கு வேண்டிய பதில் அதுதானே.

புதிய பதிப்பு போனது. மோகனூர்ப் பக்கம் ஒரு ஹேச்சரிக்கும் போனது. முட்டையை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கும் இடம். அங்கே செட்டர் என்று ஓர் அறை அளவு இரும்பு அலமாரி, ஜன்னல் கிடையாது. உள்ளே தட்டுத் தட்டாகப் பத்தொன்பதாயிரம் முட்டை. மணிக்கொருமுறை எல்லாத் தட்டுகளும் ஒரு பக்கம் சாய வேண்டும், அடுத்த மணிக்கு மறுபக்கம். சாய்க்காமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். சாய்க்கும் வேலையை நம் பெட்டி செய்கிறது, பழைய வாசல் வழியாக.

பதிப்பு மாற்றி இரண்டாம் நாள் காலையில் அங்கிருந்து போன். செட்டரைப் பார்த்துக்கொள்ளும் சாந்தாமணி என்ற அம்மா. நாற்பது வயது இருக்கலாம் என்று குரலில் தெரிந்தது.

“ஏனுங்க சார், தட்டு திரும்ப மாட்டேங்குதுங்க. முந்தாநேத்துலருந்து கையாலதான் திருப்பிட்டிருக்கறோம்.”

இங்கிருந்தே அந்தப் பெட்டியின் பதிவுகளைத் திறந்தேன். பத்து மணிக்குத் தட்டு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. பதினொன்றுக்கு வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. ஒரு பிசகும் இல்லை.

“திரும்பியிருக்கும்மா. இங்க பதிவு இருக்கு.”

“இல்லீங்க சார். பதினோரு மணிக்குக் கதவத் தொறந்து வெச்சு எதுக்க நின்னு பாத்தனுங்க. அசையலீங்க.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“ரெண்டு கண்ணாலயுந்தானுங்க பாத்தேன்” என்றார்.

அந்தம்மா போனை வைத்ததும் ஹேச்சரி முதலாளி கூப்பிட்டார். நான் எரிச்சலில் இருந்தேன். பெட்டியில் ஒன்றும் கோளாறில்லை, நன்றாகத் திரும்புகிறது, ஆனால் மணிக்கு மணி சூடு இறங்குகிறது, யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை.

“அப்ப அந்தம்மாதான் தொறந்து தொறந்து போட்டு முட்டையக் கெடுக்குதுங்களா?” என்றார் முதலாளி. “சரீங்க. சாயங்காலம் வந்து கணக்கு முடிச்சு அனுப்பிர்றேன். வேற ஆளு பாத்துக்கலாம்.”

அந்த நிமிடத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் பழைய பதிப்பையே திரும்பப் போட்டுவிடலாம் என்றார்கள். மூன்று நிமிட வேலை. எனக்கும் அதுதான் தோன்றியது. எங்கள் பிரிவுத் தலைவர், பெயர் வேண்டாம், அதிகம் பேசாத அம்மையார், தன் இடத்தில் இருந்தபடியே கேட்டார். “திரும்பப் போட்டா சரியாப் போகலாம். எதனால சரியாச்சுன்னு சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“அப்ப மறுபடி எப்பக் கெடும்னும் சொல்ல முடியாது. முட்டைய அவங்க கையால திருப்பிட்டிருக்காங்க, அதுவரைக்கும் ஆபத்தில்ல. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டு வாங்க.”

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பதறுகிறபோது பழையதைத் திரும்பப் போடுவது பல சமயம் சரிதான், நானே பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் சாந்தாமணி சாயங்காலம் வேலையை இழந்து வீட்டுக்குப் போயிருப்பார், நான் கடைசிவரை என் பதிவுதான் சரி என்று நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

நாமக்கல் தாண்டி மோகனூர் ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி ஆகிவிட்டது. ஹேச்சரிக்குள் சும்மா நுழைய விடமாட்டார்கள். குளிக்க வைத்து, அவர்கள் அங்கியை மாட்டிவிட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார்கள். ரப்பர் செருப்பு எனக்கு இரண்டு அளவு சிறியது. அந்தக் கோலத்தில்தான் சாந்தாமணி முன்னால் போய் நின்றேன். காலையில் போனில் வெடுக்கென்று பேசியவன் இவன்தான் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. மணி, சூடு, ஈரம் என்று மூன்று பத்தி. நான்காவது பத்திக்கு ‘வரி’ என்று தலைப்பு. பக்கம் பக்கமாக மணிக்கொரு டிக். இரண்டு நாளைக்கு முன் டிக் நின்று, அங்கிருந்து எல்லாம் பெருக்கல் குறி.

“இந்த வரின்னா என்னங்கம்மா?”

“அதாங்க சார், தட்டு திரும்புனா திரையில இங்கிலீசுல ஒரு வரி வருமுங்கல்ல, அது. முந்தாநேத்துலருந்து வரவே இல்லீங்க.”

எனக்கு முகம் சுட்டது. அது என் வரி. இரண்டு வருடமாக நான் கொடுத்த எச்சரிக்கை. புதிய பதிப்பில் வாசலை மூடிவிட்டோமே, இனி எச்சரிக்கை எதற்கு என்று நானே அழித்த வரி.

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கீங்களா?”

“படிச்சேனுங்க. எதையோ எடுத்துருவோம்னு போட்டிருந்துச்சு. எந்த மெசினுதாங்க அப்புடி ஏதாச்சும் சொல்லல? ஆனா பாத்தா, தட்டு திரும்பறப்ப மட்டும் கரெக்டா வந்துச்சு. சரின்னு அதயே வெச்சுக்கிட்டோம். போன வருசம் ஒருக்கா வரி வரலீங்க. போயிப் பாத்தா பெட்டி அப்புடியே நின்னு போயிருந்துச்சு. கையால திருப்பித்தான் அந்த அடையக் காப்பாத்துனோம். முதலாளி அன்னைக்குச் சேலை எடுத்துக் குடுத்தாருங்க.”

“பெட்டி மேல ஒரு பச்சை பல்பு உண்டே, தட்டு சாய்ஞ்சா எரியுமே?”

“அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னயே பீஸ் போயிருச்சுங்க.”

நோட்டை முதல் பெருக்கல் குறியிலிருந்து மறுபடி படித்தேன். பிறகு எல்லாம் வரிசையாக விளங்கியது. பதிப்பு மாறிய முதல் மணியில் பெட்டி தட்டை இடப்பக்கம் சாய்த்துவிட்டது. வரி வரவில்லை. சாந்தாமணி கதவைத் திறந்து, திரும்பவில்லை என்று நினைத்து, கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த மணியில் பெட்டி வலப்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. தட்டு ஏற்கெனவே வலப்பக்கம்தான் இருக்கிறது. வேலை முடிந்தது என்று பதிவு எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. எதிரே நின்று பார்க்கும் சாந்தாமணிக்குத் தட்டு அசையவில்லை. உடனே அவர் இடப்பக்கம் தள்ளுகிறார். மணிக்கு மணி இதே கதை. பதிவும் பொய் சொல்லவில்லை, அந்தம்மா கண்ணும் பொய் சொல்லவில்லை. நடுவில் கதவு திறந்து திறந்து முட்டைதான் குளிர்ந்துகொண்டிருந்தது.

சொன்னால் நம்புவாரா? காலையில் அவரிடம் நான் பேசிய பேச்சுக்கு, அவர் என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

“இப்ப ஒரு மணிக்குக் கையால எக்கட்டத் தள்ளுனீங்க?”

“இடப்பக்கமுங்க.”

“அத ஒருக்கா வலப்பக்கம் தள்ளி வெச்சிருங்க. ரெண்டு மணிக்கு அதுவாத் திரும்பும்.”

“திரும்பலீன்னா?”

“நான் எங்கயும் போகல. இங்கயேதான் நிக்கறேன்.”

தள்ளி வைத்தார். கதவைச் சாத்தினோம். சின்னச் செருப்போடு அரை மணிநேரம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன். இரண்டு மணிக்குச் சற்று முன் அவரே கதவைக் கையகலம் திறந்தார். மோட்டார் முனகியது. பத்தொன்பதாயிரம் முட்டையும் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தன.

சாந்தாமணி தட்டைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். திரையில் ஒன்றுமில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“திரும்புதுங்க. ஒத்துக்கறேன். இன்னைக்கு நீங்க இருக்கீங்க சார். நாளைக்குக் கதவு சாத்தியிருக்கறப்ப, திரும்புச்சா இல்லியான்னு எனக்கு யாருங்க சொல்லுவா?”

அதைவிட மோசமான ஒன்றை நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

“அந்த வரி தட்டு திரும்புனதுக்கு வந்ததில்லீங்கம்மா. திருப்பச் சொல்லிப் பெட்டி மோட்டாரக் கேட்டதுக்கு வந்தது. பெட்டி நின்னா வராது, அது சரிதான். ஆனா மோட்டார் பெல்ட் அறுந்து தட்டு அசையாமயே கெடந்திருந்தாலும் அது வந்திருக்கும்.”

“ரெண்டு வருசமாவா?”

“ஆமாங்க.”

“அட சாமி!” என்று காலி டிரேக்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். “பெல்ட் அறுந்திருந்தா டிக்குப் போட்டுக்கிட்டே இருந்திருப்பனேங்க.”

மோகனூர்க் கடைவீதிக்குப் போய்ப் பச்சை பல்பு வாங்கிவந்து மாட்டினேன். தட்டு கடைசிவரை சாய்ந்தால் அங்கே ஒரு பொத்தான் அழுந்தும், அதன் ஒயர் நேராக பல்புக்கு வரும். நடுவில் கெர்னலும் இல்லை, நானும் இல்லை. இருபது வருடம் கெர்னல் எழுதியவன் அன்றைக்குச் செய்த உருப்படியான வேலை அதுதான்.

“பல்பு மறுக்காப் போயிருச்சுன்னா?” என்றார் சாந்தாமணி.

அதுவும் நியாயம்தானே. ஒருமுறை போன பல்பு. சரி, வரியையும் திரும்பக் கொண்டுவருகிறேன், ஆனால் இந்தத் தடவை பொத்தான் அழுந்தினால் மட்டும் வரும்படி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உங்கள் கையில் அகப்பட்டது அந்த நாற்பது வரிகள்தான். முட்டை, தட்டு என்பதெல்லாம் கெர்னலுக்குத் தெரியவே கூடாது. ஒழுங்காகப் படித்தவன் அப்படி எழுதமாட்டான். எனக்கும் தெரியும், எழுதினேன்.

சாயங்காலம் நெருங்கியது. முதலாளி வருவதற்குள் அறிக்கை தயாராக வேண்டும். ஹேச்சரி ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் நான் எழுதிய வாக்கியத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை: ‘பெட்டியில் குறையில்லை, இயக்குபவரின் தவறான புரிதலால் கதவு பலமுறை திறக்கப்பட்டது.’ போனில் தலைவருக்குப் படித்துக் காட்டினேன்.

“அந்தம்மா செஞ்சதுல எது தப்புன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

யோசித்தேன். வரி வராதபோது சந்தேகப்பட்டார். கையால் திருப்பினார். நேரில் நின்று பார்த்தார். நோட்டில் எழுதினார். நமக்கும் போன் செய்தார். இதில் எதைத் தப்பென்று சொல்வது? எல்லா முதலாளிகளையும் கேட்ட நான், திரையைப் பார்க்கும் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

“சொல்ல முடியலீங்க” என்றேன்.

“அப்ப அந்த வாக்கியத்த எடுத்துருங்க” என்று போனை வைத்துவிட்டார்.

எடுத்தேன். ‘இவர் நம்பி வேலை செய்த ஓர் அடையாளத்தை, இவரிடம் சொல்லாமல் நாங்கள் நீக்கினோம், தவறு எங்களுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி வந்தார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“நீங்களே தப்புன்னு எழுதிக் குடுக்கறீங்களா?”

“ஆமாங்க. காலைல உங்ககிட்ட நான் சொன்னதுதான் தப்பு.”

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற சாந்தாமணியைப் பார்த்து, “நீ போயி வேலயப் பாரு சாமி” என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

அந்த அடையில் குஞ்சு ஒருநாள் தாமதமாகத்தான் பொரிந்தது, வழக்கத்தைவிடக் குறைவாகவும் பொரிந்தது. அந்தக் குறைக்கும் நான்தான் காரணம். பொரிந்த அன்று சாந்தாமணி போன் செய்து, “கேக்குதுங்களா சார்?” என்று போனைக் குஞ்சுகள் பக்கம் நீட்டினார். கீச்சுகீச்சென்று ஒரே இரைச்சல். நன்றாகக் கேட்டது.

போன வாரம் போனேன் என்றேனே. சாந்தாமணி இப்போது சூப்பர்வைசர். முடி நரைத்திருக்கிறது, எனக்கு அதைவிட அதிகமாகவே நரைத்திருக்கிறது. அந்தப் பழைய பெட்டி இன்னும் ஒரு செட்டரில் ஓடுகிறது. திரையில் என் வரி மணிக்கு மணி வந்துகொண்டிருக்கிறது.

“இந்த வரிய எங்க பசங்க எடுத்துரலாம்னு பாக்கறாங்க. உங்களுக்கு வேணுங்களா?”

“அதுங்களா?” என்று சிரித்தார். “அத நான் பாத்தே ரொம்ப வருசமாச்சுங்க. பல்பு நல்லா எரியுது. ரெண்டு பல்பு வாங்கி எச்சாவும் வெச்சிருக்கறோம். தாராளமா எடுத்துக்குங்க.”

இத்தனை வருடம் கட்டிக் காத்ததை இப்படிச் சட்டென்று சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சின்ன வருத்தம்கூட. கிளம்பி வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார்.

“சார், எடுக்கறதுக்கு முந்தி ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க. போன தடவ சொல்லலீங்களே.”

எனக்குச் சுருக்கென்றது. “அதெப்படிங்க சொல்லாம? ரெண்டு வருஷமா மணிக்கொரு தடவ சொன்னோமே. அந்த வரியே அதுக்குத்தானே?”

“அது மெசினு சொன்னதுங்க” என்றார் சாந்தாமணி. “நீங்க சொல்லலியே.”

ஆகவே தம்பி, நாற்பது வரிகளையும் எடுத்துவிடலாம். குறிப்பையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அவருடைய எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதலில் போன் பண்ணுங்கள், யார் பேசுகிறீர்கள், எதை எடுக்கிறீர்கள், என்றைக்கு எடுக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். அவர் ‘சரீங்க’ என்றால் சரி. ‘நீங்க பாத்துச் செய்யுங்க’ என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு மோகனூர் போங்கள். முழு மணிக்கு மட்டும் கூப்பிட வேண்டாம், அப்போது அவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.